சரிபார்க்கப்பட்டது

ஜூலை 8, திங்கள்

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவின் ஆறு படுக்கைகளில் ஐந்து நிறைந்துவிட்டன. மூன்று பேர் வென்டிலேட்டரில்.

நான்காம் படுக்கையில் பெருமாள்சாமி, ஐம்பத்தெட்டு வயது. வயலுக்கு வாங்கிய மருந்தைக் குடித்துவிட்டவர். வேறு ஊர் மருத்துவமனையில் ஆறு நாள் கிடந்துவிட்டு இங்கே வந்தார். வரும்போதே நுரையீரலில் ஒரு கிருமியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அசினட்டோபாக்டர். ஒரே ஒரு மருந்துக்குத்தான் அடங்கும், அதுவும் பாதி நேரம். அவர் படுக்கையில் சிவப்பு அட்டை மாட்டினேன். தனி அங்கி, தனி கையுறை, தனி ஸ்டெதஸ்கோப். எழுத்து என்னுடையதுதான், பெரிதாக, தெளிவாக இருக்கிறது.

ஐந்தாம் படுக்கையில் யசோதா. முப்பத்தாறு வயது, பக்கத்துக் கிராமத்தின் வி.ஏ.ஓ. காலில் தொடங்கிய பலவீனம் நான்கு நாளில் நெஞ்சுவரை ஏறி, மூச்சுத் தசை நின்றுவிட்டது. நினைவு முழுக்க இருக்கிறது. கண் மட்டும் அசைகிறது. "நரம்பு தானா சரியாயிரும் சிஸ்டர், ரெண்டு மாசமோ மூணு மாசமோ. அதுவரைக்கும் நுரையீரல்ல எதுவும் ஒட்டாம பாத்துக்கிட்டா போதும்" என்றார் டாக்டர் ரகுபதி.

தலைமாட்டில் தொங்கும் ஆம்பு, அதாவது கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை, படுக்கைக்கு ஒன்று. யசோதாவுடையதில் சளி தெறித்திருந்தது. சுத்திகரிக்க அனுப்பினேன். பதிலுக்கு ஒன்று வாங்கி மாட்ட வேண்டும்.

பொறுப்பு நர்ஸ் ஆன பிறகு தினமும் சரிபார்ப்புத் தாள் என் வேலை. படுக்கைக்குப் பதினாறு கட்டங்கள். முன்பு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து டிக் போடுவேன். பதினேழு வருட அனுபவத்தில் இப்போது நின்ற இடத்திலிருந்தே தெரிகிறது.

ஜூலை 9, செவ்வாய்

புது நர்ஸ்களுக்குக் கை கழுவும் முறை பற்றி வகுப்பு எடுத்தேன். படம் பிடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். மாலையில் மகள் ரெனிட்டாவுக்குப் பள்ளி ஷூ. ஒரு வருடத்தில் இரண்டு அளவு கூடிவிட்டது அவள் கால்.

ஜூலை 10, புதன்

இரண்டு சிஸ்டர்கள் வரவில்லை. ஐந்து நோயாளிகளுக்கு நானும் ஒரு ஜூனியரும். அவள் முதல் படுக்கையில் இருந்தபோது யசோதாவின் குழாயில் சளி அடைத்து ஆக்ஸிஜன் ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. கையால் மூச்சுக் கொடுத்து, சளியை உறிஞ்சி எடுத்து மீட்டேன். டாக்டர் ரகுபதி ஓடி வந்து சேர்வதற்குள் தொண்ணூற்றுநான்கு. "சபாஷ் சிஸ்டர்" என்றார்.

வீட்டில் சீருடைகளுக்கு இஸ்திரி போட்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

ஸ்டோரில் புது ஆம்பு அடுத்த வாரம்தான் வருமாம். நான் அனுப்பியது மட்டும் சுத்தமாகித் திரும்பி வந்தது. அதை நான்காம் படுக்கையின் காலிக் கொக்கியில் மாட்டினேன். ஐந்தாம் படுக்கையில் தொங்குவதை ஸ்பிரிட்டால் மூன்று முறை துடைத்தேன். இப்போது ஆளுக்கு ஒன்று இருக்கிறது. தாளில் உள்ளதற்கும் நடப்பதற்கும் வித்தியாசம் இல்லை.

துடைத்து முடிக்கும்வரை யசோதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லைதானே.

ஜூலை 13, சனி

யசோதாவுக்கு 101.4. சளி மஞ்சளாக வருகிறது. மழைக் காய்ச்சலாக இருக்கும் என்று ஜூனியரிடம் சொன்னேன். ஏசி அறைக்குள் படுத்திருப்பவருக்கு என்ன மழை என்று அவள் கேட்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் எதைப் பற்றி என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 15, திங்கள்

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பாகம் வெள்ளையாக இருக்கிறது. நிமோனியா. சளியைக் கல்ச்சருக்கு எடுத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு நானே கொண்டுபோனேன்.

யசோதாவின் கணவர் குணசீலன் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுத்துப் பலகை செய்து வந்திருக்கிறார். மேலே வல்லினம், மெல்லினம், இடையினம் என்று மூன்று வரிசை. கீழே பன்னிரண்டு உயிரெழுத்து. ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேட்க வேண்டும். ஆம் என்றால் யசோதா கண்ணை மேலே தூக்குவார். கால் மணி நேரத்தில் "பாப்பா சாப்ட்டாளா" என்று கேட்டுவிட்டார். குணசீலன் சிரித்துக்கொண்டே அழுதார்.

"நீங்களும் ஒரு தடவ பேசிப் பாருங்க சிஸ்டர்" என்று பலகையை நீட்டினார்.

மருந்து நேரம் என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். மருந்து நேரத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

ஜூலை 17, புதன்

நுண்ணுயிரியல் டாக்டர் நிலோஃபர் போனில் கூப்பிட்டார். "எமல்டா, அஞ்சாம் பெட் ரிசல்ட் வந்துருச்சு. அசினட்டோ. நாலாம் பெட்டுல வளந்தது எந்த மருந்துக்கெல்லாம் அடங்கலையோ, இதுவும் அதே வரிசைல அடங்கல. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கணும். நாலுல இருந்து அஞ்சுக்கு எதுவோ தூக்கிட்டுப் போயிருக்கு. ஒரு கையோ, ஒரு பொருளோ."

"சரிங்க டாக்டர்" என்றேன். வேறு என்ன சொல்வது?

கோலிஸ்டின் தொடங்கியாயிற்று. சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து. வேறு வழி இல்லை.

ஐந்தாம் படுக்கையில் தொங்குவதை மாற்றிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். திடீரென்று மாற்றினால் ஏன் என்ற கேள்வி வரும். அவருக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே. இனி அதனால் என்ன கெடுதல்?

எழுதிய பிறகு மேலே உள்ள வரியைப் படித்துப் பார்த்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

ஜூலை 18, வியாழன்

யசோதாவுக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் மாற்றினார்கள். அது நல்லபடியாக முடிந்தது.

பதினொரு மணிக்கு விசாரணை. டாக்டர் நிலோஃபர் கட்டில் கம்பி, தண்ணீர்க் குழாய், உறிஞ்சும் பாட்டில் எல்லாவற்றிலும் பஞ்சு வைத்துத் தடவி எடுத்தார். பிறகு என் சரிபார்ப்புத் தாள்களை வரிசையாக வைத்துப் படித்தார்.

"ஆம்பு ஆளுக்கு ஒண்ணு தனியா இருந்துருக்கு. சுத்தமானது. எட்டு, ஒம்பது, பத்து, எல்லா நாளும் டிக் இருக்கு. அப்ப அத விட்டுரலாம்" என்று தன் பட்டியலில் ஒரு கோடு அடித்தார். பைகளில் பஞ்சு வைக்கவில்லை.

கடைசியில் வாய் சுத்தம் செய்யும் குறிப்பேட்டுக்கு வந்தார்கள். பத்தாம் தேதி நான்காம் படுக்கை 10.20, ஐந்தாம் படுக்கை 10.30. இரண்டுக்கும் ஒரே கையெழுத்து. ஆயா வீரம்மாள்.

வீரம்மாக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். ஐம்பது வயதுக்கு மேல், ஒப்பந்த ஆள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்.

"நடுவுல கையுறை மாத்துனீங்களா?" என்று டாக்டர் ரகுபதி கேட்டார்.

"மாத்துவேன் சார். தெனமும் மாத்துவேன்."

"அன்னைக்கு மாத்துனீங்களா?"

வீரம்மாக்கா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "மாத்தியிருப்பேன் சார்" என்றார்.

'மாற்றினேன்' என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். 'மாத்தியிருப்பேன்' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் நிலோஃபர் என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன நினைக்கிறீங்க எமல்டா?" என்றார்.

"ஆள் கம்மியான நாள் டாக்டர்" என்றேன். அது பொய் இல்லை.

ஜூலை 19, வெள்ளி

ஒப்பந்தக்காரர் வீரம்மாக்காவை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

யசோதாவின் கிரியாட்டினின் 2.1. போன வாரம் 0.7. சிறுநீரகம் கெடத் தொடங்கியிருக்கிறது. ரத்த அழுத்தமும் இறங்கி, அதற்கு ஒரு மருந்து ஓடுகிறது. கண் திறந்தால் கூரையைப் பார்க்கிறார். இன்று பலகையைக் காட்டியும் பேசவில்லை என்றார் குணசீலன்.

"சாப்ட்டீங்களா?" என்று அவரிடம் கேட்டேன். தினமும் கேட்கிறேன்.

ஜூலை 20, சனி

பெருமாள்சாமி காலை 9.15க்கு இறந்தார். விஷம் பாதி, கிருமி பாதி. அவர் மகள் வந்து, "கடைசியா எதும் சொன்னாராம்மா?" என்று கேட்டாள். வாயில் குழாய் இருந்தது, பேச முடியாது என்றேன். அவளுக்கும் அது தெரியும். இருந்தும் கேட்டாள்.

ஜூலை 21, ஞாயிறு

காய் வாங்கப் போன இடத்தில் வீரம்மாக்கா. முருங்கைக்காய்க் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேட்காமல் நின்றிருந்தார். நான் பார்க்காததுபோல் போயிருக்கலாம். அவர் பார்த்துவிட்டார்.

"சிஸ்டர், அந்த அஞ்சாம் பெட்டு அம்மா எப்பிடி இருக்காங்க?"

"இருக்காங்கக்கா. மருந்து போய்க்கிட்டு இருக்கு."

"பொழச்சுக்குவாங்களா?"

"தெரியலக்கா."

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கு மாத்துனேனா இல்லையான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன் சிஸ்டர். நாலாம் பெட்டு முடிச்சது ஞாபகம் இருக்கு. அஞ்சாம் பெட்டுல அந்தம்மாவுக்கு ஒதட்டுல வாஸ்லின் போட்டது ஞாபகம் இருக்கு. நடுவுல ஒண்ணுமே ஞாபகம் வரமாட்டேங்குது. நாந்தானோ? எம்மக வேலைய விடு, வேற பாத்துக்கலாங்குறா. வேல போனா போகுது. அந்தம்மாவுக்குச் சின்னப் புள்ள இருக்காம்ல."

"நீங்க இல்லக்கா" என்றேன்.

"நீங்க நல்ல மனசு, அப்பிடிச் சொல்றீங்க."

பையில் என்ன வாங்கிப் போட்டேன் என்று தெரியவில்லை. வீட்டில் கொட்டினால் வெங்காயம் மட்டும் மூன்று கிலோ. இவர் சிரித்தார். நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூலை 22, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணி. கிரியாட்டினின் 1.9. முதல்முறையாக இறங்கியிருக்கிறது. குணசீலன் என்னை விடவில்லை. "அவ உங்ககிட்டத்தான் ஏதோ சொல்லணுங்குறா சிஸ்டர். வேற யாரும் வேணாமாம்."

பலகையைப் பிடித்தேன். ஒவ்வொரு எழுத்தாக வந்தது. "அன்னைக்கு மூச்சு." பிறகு, "நீங்க தந்தது." பிறகு, "நன்றி."

அன்று நான் அமுக்கிய பை எங்கிருந்து வந்தது என்று அவர் பார்த்திருக்கிறார். அதன் பொருள் மட்டும் அவருக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் அந்தக் கண்ணை நான் சாட்சியின் கண் என்று நினைத்துப் பயந்திருக்கிறேன்.

பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. ஆறாம் படுக்கைக்குப் புது நோயாளி. ஸ்கூட்டியில் போய் விழுந்த கல்லூரிப் பெண், தலையில் அடி. டிராலியிலிருந்து படுக்கைக்கு மாற்றும்போது மூச்சு நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் தங்கள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ஆறாம் படுக்கைக்கு இன்னும் பை வரவில்லை. "ஆம்பு! ஆம்பு குடுங்க!" என்று கத்தியபடி டாக்டர் ரகுபதி கைக்கு எட்டியதை எட்டிப் பிடித்தார். ஐந்தாம் படுக்கையின் பை. நான் பத்தாம் தேதி செய்த அதே காரியம், அதே வேகம்.

"அத எடுக்காதீங்க சார்!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. நான் ஓடிப்போய் நான்காம் படுக்கையில் புதிதாக மாட்டியிருந்ததைப் பிடுங்கி வந்து அவர் கையில் திணித்தேன். நாலைந்து அமுக்கில் அந்தப் பெண்ணின் நிறம் திரும்பியது.

குழாய் போட்டு, வென்டிலேட்டரில் இணைத்து, எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் ரகுபதி கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "அதுல என்ன சிஸ்டர்?"

"அது பெருமாள்சாமியோடது சார்."

"அது ஏன் அஞ்சாம் பெட்டுல இருக்கு?"

சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். குணசீலன் பலகையோடு நின்றுகொண்டிருந்தார். யசோதாவின் காதுக்கு ஒன்றும் இல்லை, அது நன்றாகவே கேட்கும்.

முடித்துவிட்டுத் திரும்பியபோது அவர் கண்ணை மூடியிருந்தார். என் ஷிப்ட் முடியும்வரை, நான் அந்தப் பக்கம் போன ஒவ்வொரு முறையும், மூடியே இருந்தார்.

ஜூலை 25, வியாழன்

அந்தப் பையின் வால்வில் அதே கிருமி வளர்ந்திருக்கிறது. டாக்டர் நிலோஃபர் எல்லாப் பைகளையும் மாற்றச் சொல்லிவிட்டார். "வெறும் டிக்க நம்பி நான் பஞ்சு வைக்காம விட்டேன் எமல்டா. அது என் தப்பு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேலாளர் அறைக்கு அழைத்தார். பொறுப்பு நர்ஸ் பதவி போய்விட்டது. நாளை முதல் வெளிநோயாளிப் பிரிவில் கட்டுப் போடும் அறை. "இத்தோட முடிஞ்சது. ஒண்ணு மட்டும், எழுத்துல யாருக்கும் எதையும் குடுத்துறாதீங்க. நாளைக்கே கேஸுன்னு போனா மொதல்ல உங்க லைசென்ஸுக்குத்தான் ஆபத்து. உங்க நல்லதுக்குச் சொல்றேன்" என்றார். தலையாட்டினேன்.

வராந்தாவில் குணசீலன். ஒதுங்கிப் போகலாம் என்று பார்த்தேன். "சிஸ்டர்" என்றார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தெனமும் வந்து சாப்ட்டீங்களான்னு கேட்டீங்களே" என்றார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

ஜூலை 27, சனி

வீரம்மாக்காவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், பிரசவ வார்டில். அவர் வீட்டுக்குப் போய் நானே முழுதும் சொன்னேன். வாசலிலேயே நின்று கேட்டார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"மார்க்கெட்ல கேட்டேன்ல சிஸ்டர், நாந்தானோன்னு."

"ஆமாக்கா."

"அப்பயும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"வேல போனதுக்குக்கூட நான் அழுவல. எங்கையால எம்பேத்திக்குச் சோறு ஊட்டப் பயந்துக்கிட்டு இருந்தேன் சிஸ்டர்." சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.

இவரிடமும் ரெனிட்டாவிடமும் இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன். ரெனிட்டா, "அந்த ஆன்ட்டி செத்துப்போயிருந்தா சொல்லியிருப்பியாம்மா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொன்னேன். உண்மையாகவே தெரியாது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கட்டுப் போடும் அறையில் இன்று முப்பத்திரண்டு பேர். சர்க்கரைப் புண்கள்தான் அதிகம்.

கோலிஸ்டினை நிறுத்திவிட்டார்களாம். காய்ச்சல் இல்லை, சிறுநீரகம் தேறிவிட்டது. ஸ்கூட்டி பெண்ணுக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள், அவள் சளியில் எதுவும் வளரவில்லை. ஜூனியர்தான் கேன்டீனில் சொன்னாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மதியம் குணசீலன் கட்டுப் போடும் அறை வாசலில் வந்து நின்றார். "அவ கூப்புடுறா" என்றார்.

இரண்டரை வாரம் கழித்து அந்த அறைக்குள் போகிறேன். யசோதா சாய்த்து உட்காரவைக்கப்பட்டிருந்தார். இன்று காலை இரண்டு மணி நேரம் மெஷின் இல்லாமல் மூச்சு விட்டிருக்கிறார். வலது கைக் கட்டைவிரல் அசைகிறது. என்னைப் பார்த்தார். கண்ணை மூடவில்லை.

பலகையைக் குணசீலன் பிடித்தார். விரல் நகர்ந்தது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது யசோதாவின் கண் பலகையைவிட்டு நகரவில்லை. அதனால் நிறுத்தினேன். வார்த்தை முழுசாக வந்ததும் குணசீலன் படித்தார்.

"எழுத்துல குடுங்க."

மேலாளர் சொன்னது நினைவுக்கு வந்தது. பதினேழு வருடம் நினைவுக்கு வந்தது. வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. பிறகு நர்ஸ் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, நின்றபடியே எழுதினேன். அதன் நகல் இது:

"ஜூலை 8 அன்று ஐந்தாம் படுக்கையின் மூச்சுப் பையை நான் சுத்திகரிக்க அனுப்பினேன். மாற்றுப் பை வைக்க மறந்தேன். 9, 10 தேதிகளில் பார்க்காமலேயே 'சரிபார்க்கப்பட்டது' என்று டிக் போட்டேன். 10ஆம் தேதி நோயாளி யசோதாவின் குழாய் அடைத்தபோது பை இல்லை. கிருமித்தொற்று உள்ள நான்காம் படுக்கையின் பையை, அது தெரிந்தே, எடுத்து உபயோகித்தேன். அந்த நிமிடம் வேறு வழி இருக்கவில்லை. அதற்குப் பிறகு வழி இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பையை அவர் படுக்கையிலேயே பன்னிரண்டு நாள் விட்டுவைத்தேன். 18ஆம் தேதி விசாரணையில் ஆயா வீரம்மாள் மீது பழி விழுந்தபோது மௌனமாக இருந்தேன். அவர் மீது எந்தத் தவறும் இல்லை. எமல்டா, செவிலியர்."

தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். குணசீலன் தாளை வாங்கி யசோதாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். அவர் மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் மேலிருந்து தொடங்கினார். நான் நின்றுகொண்டிருந்தேன். மெஷின் ஒரே சீராக மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

பிறகு அவர் கண் பலகையைத் தேடியது.

மெல்லினம். ந. ஏ. இடையினம். ர. மெல்லினம். ம்.

"நேரம்" என்று குணசீலன் படித்தார். புரியாமல் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. பத்தாம் தேதி என்று எழுதியிருந்தேன், எத்தனை மணி என்று எழுதவில்லை.

தாளை வாங்கி, '10ஆம் தேதி' என்பதற்குப் பக்கத்தில் 'காலை 11.40' என்று சேர்த்தேன். சேர்த்த இடத்தில் சுருக்கொப்பம் போட்டு அவர் முன்னால் பிடித்தேன்.

யசோதா பார்த்துவிட்டு, கண்ணை மேலே தூக்கினார்.